நாலு மணிக்கு அறுந்த ஒளி

அத்தியாயம் 4

மேனேஜர் கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"இங்க ஒண்ணு போட்டா போதும் மேடம். மத்ததெல்லாம் டைப் பண்ணியாச்சு."

அத்தை மூக்குக் கண்ணாடியை இறக்கிக் காகிதத்தைப் படித்தாள். அவசரமே இல்லாமல் படித்தாள். மின்சாரக் கட்டணச் சீட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள்.

"இருபத்து மூணாம் தேதி, அதாவது இன்னிக்கு, நான் நேர்ல விசாரிச்சு இந்த முடிவுக்கு வந்தேன்னு இருக்கு. நான் உள்ள வந்தே அஞ்சு நிமிஷம்தான ஆகுது?"

"விசாரணையை நானே முடிச்சுட்டேன் மேடம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"எங்களுக்குச் சிரமமே இல்ல சார்," என்றான் மருமகன். "எங்க ஆபீஸ்ல ஃபேன் ஓடாது. இங்க ஏசி இருக்கு. சாயங்காலம் வரைக்கும் விசாரிப்போம்."

உண்மையில் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் அத்தை. அவளுடைய அண்ணன் மகனான இந்த முப்பத்திரண்டு வயது மருமகனுக்கு. தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்த அவளுடைய துப்பறியும் நிறுவனத்தில் மொத்த ஊழியர் பட்டாளமும் அவன்தான். அவன் போகிற இடத்தில் எல்லாம் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டதில், காவல் நிலையத்திலும் வக்கீல் ஆபீஸிலும் அவளுக்கு அதுவே பெயராகிப் போனது. அத்தை என்று அழைக்கப்படுகிறவளிடம் ஆட்கள் பொய் சொல்லக் கொஞ்சம் தயங்குகிறார்கள் என்று கண்டுகொண்ட பிறகு அவளும் அதை மாற்ற முயலவில்லை.

மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்கு மேலிடத்து அதிகாரிகள் கூடுகிறார்கள். அதற்குள் கையெழுத்து விழுந்தால், இந்த இன்டர்நெட் கம்பெனியின் டெக்னீஷியன் ஒருத்திக்கு வேலை போகும். வேண்டுமென்றே நெட்வொர்க்கை அறுத்தாள் என்று போலீசுக்கு ஒரு புகாரும் போகும். அப்புறம் எந்தக் கம்பெனியும் அவள் கையில் ஒரு திருப்புளியைக்கூட நம்பிக் கொடுக்காது. வேலையை விட்டு நீக்க வெளியாள் ஒருவர் விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. வெளியாட்களில் மிகச் சின்ன ஆளாகத் தேடித்தான் மேனேஜர் அத்தையைப் பிடித்திருந்தார்.

"சரி, என்ன நடந்துச்சுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என் மருமகனுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்," என்றாள் அத்தை.

மேனேஜர் ஜன்னல் திரையை விலக்கினார். கட்டிடத்துக்குப் பின்னால் ரயில்வே யார்டு. பதினெட்டுத் தண்டவாளம். அதற்கு அப்பால் அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு மஞ்சள் கட்டிடம்.

"இந்தக் கட்டிடம் வரைக்கும் ஃபைபர் கொண்டு வந்துட்டோம். கண்ணாடி இழை. அதுக்குள்ள வெளிச்சமா டேட்டா ஓடும். அந்தப் பக்கம் அறுநூத்து நாப்பது வீடு, ஒரு ஸ்கூல், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நடுவுல தண்டவாளத்துக்கு அடியில தோண்ட ரயில்வே பர்மிஷன் தரணும். ரெண்டு வருஷமா பரிசீலனையில இருக்கு."

"பரிசீலனையும் ஒரு ரயில்தான் சார். லேட்டா வரும்," என்றான் மருமகன்.

"அதனால ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை எங்க மொட்டை மாடியில இருந்து லென்ஸ் வழியா நேரா காத்துல அனுப்பிடறோம். அந்த மஞ்சள் கட்டிடத்து மாடியில இன்னொரு லென்ஸ் அதைப் பிடிச்சு மறுபடி ஃபைபருக்குள்ள போட்டுடும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குக் கெடுதலும் இல்ல. அவ்வளவு வேகமும் அப்படியே போய்ச் சேரும்."

"பனி வந்தா?"

"கேப்பீங்கன்னு தெரியும்." மேனேஜர் முகம் மலர்ந்தது. "பக்கத்துலயே காப்பு ரேடியோ ஒண்ணு இருக்கு. வெளிச்சம் அறுந்தா கண்ணிமைக்கிற நேரத்துல ரேடியோ எடுத்துக்கும். வேகம் குறையும், ஆனா அறுந்து போகாது. நானே டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இருக்கு."

"அப்புறம் ஏன் அறுந்து போகுது?"

மேனேஜர் ஒரு நொடி திரையின் கயிற்றோடு விளையாடினார். "அதையும் அவதான் கெடுத்து வெச்சிருக்கணும்."

அத்தை அந்தப் பதிலை எங்கேயோ ஓரமாக மடித்து வைத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினாள்.

நடந்தது இதுதான். இந்த மாதம் ஒன்றாம் தேதி தொடங்கி, ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும், மாலை சரியாக நான்கு மணிக்கு வெளிச்சம் அறுந்தது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பியது. ஆனால் வீடுகளில் இருக்கிற மோடம்கள் எல்லாம் திரும்ப விழித்துக்கொள்ள மேலும் பத்து நிமிடம் ஆயிற்று. பதினொரு முறை இப்படி நடந்தாகிவிட்டது. பதினேழாம் தேதி அறுந்தபோது, சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை ஆபரேஷன் மேசையில் இருந்தது. வெளியூர்ப் பெரிய டாக்டர் திரையில் வழிகாட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைப் பிடித்த கையோடு திரை உறைந்துவிட்டது. சின்ன டாக்டருக்குக் கை நடுங்காததால் குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து கம்பெனிக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

"ஒற்றைப்படைத் தேதியில மட்டும் மூணரைக்கு அந்தப் பொண்ணோட கார்டு மாடிக் கதவைத் திறக்குது. மூணு அம்பதுக்கு வெளிய போறா. நாலு மணிக்கு அறுந்து போகுது. போதாதா?" என்றார் மேனேஜர். "அதுவும் இல்லாம அவ வேற கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கா."

"இந்த ஏசியிலயே உக்காந்து அப்ளை பண்ணியிருந்தா தப்புதான்," என்றான் மருமகன்.

"இயந்திரத்துல கோளாறு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று அத்தை கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மேனேஜர் நிமிர்ந்தார். "ரிஜிஸ்டர் இருக்கு. ஒண்ணாம் தேதியில இருந்து நானே கொண்டு வந்த முறை. தினம் நாலு மணிக்கு மாடிக் காவலாளி இயந்திரத்துக்கு முன்னாடி நின்னு, பச்சை விளக்கு எரியுதான்னு பாத்து, ரிஜிஸ்டர்ல எழுதணும். கீழ உக்காந்துக்கிட்டே எழுதி ஏமாத்தக் கூடாதுன்னு ரிஜிஸ்டரை இயந்திரத்துக் கம்பத்துலயே சங்கிலி போட்டுட்டேன். சங்கிலி ஒரு முழம்தான். தினமும் சாயங்காலம் பக்கத்தை என் அறைக்குப் போட்டோ எடுத்து அனுப்புவாங்க, நான் அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள்கூடக் கோளாறுன்னு எழுதினதில்ல."

"ஒண்ணாம் தேதியில இருந்து," என்றாள் அத்தை.

"ஒண்ணாம் தேதியில இருந்து," என்றார் மேனேஜர் பெருமையாக.

வராந்தாவில் பெஞ்சில் டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தாள். ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. கால் தரையைத் தொடவில்லை. பக்கத்தில் அவளுடைய மாமியார் மடியில் பையை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை எழுதிக் கேக்காதடின்னு சொன்னேன். கேட்டியா?" என்றவர், அத்தையைக் கண்டதும் எழுந்து நின்றார். "எங்க மருமகளை நான் ஆயிரம் சொல்லுவேன். இவங்க சொல்லக் கூடாது. இவ குக்கர் விசிலைக்கூடத் தெரியாம கழட்ட மாட்டா."

"என்னத்தை மூணு தடவை எழுதின?" என்று அத்தை அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

டெக்னீஷியன் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அழுது முடித்த குரல். "வெளிச்சம் அறுந்தா ரேடியோ எடுத்துக்கணும்மா. எடுத்துக்கல. ஏன்னு கேட்டு மூணு மெயில் போட்டேன். ரேடியோ என் பிரிவு இல்ல, பெட்டிச் சாவியும் என்கிட்ட இல்ல. 'சோதிக்கப்பட்டது, சிறப்பாக இயங்குகிறது'ன்னு மூணு தடவையும் ஒரே பதில் வந்துச்சு. நாலாவதா இந்த நோட்டீஸ்."

"நீ ஒற்றைப்படைத் தேதியில மட்டும் ஏன் மாடிக்குப் போற?"

அவள் தயங்கினாள். "பெட்டிக்கு மேல இருக்கிற தூசி வடிகட்டியைத் துடைக்கப் போவேன். எனக்கு எட்டாது. ஏணியைத் தூக்கிக்கிட்டு எட்டு மாடி ஏறணும். ஒற்றைப்படைத் தேதியில உயரமான காவலாளி இருப்பாரு. அவரே மேல மூடியைக் கழட்டித் தருவாரு. இரட்டைப்படைத் தேதிக்காரர் என் உயரம்தான்."

"வெளிச்சம் அறுந்ததுக்குக் கிராஃப் ஏதாவது இருக்கா?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். லென்ஸுக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு, பதினொரு நாளைக்கும். பனி வந்தால் கோடு சரிவாக இறங்கும் என்றாள். ஃபைபர் அறுந்தால் நேராக விழும், ஆனால் யாராவது போய் ஒட்ட வைக்கும்வரை எழுந்திருக்காது. இது நேராக விழுகிறது, தானாகவே நேராக எழுந்து நிற்கிறது.

"இவன் காலையில எழுந்திருக்கற மாதிரி இல்ல," என்றாள் அத்தை மருமகனைக் காட்டி. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு தேதிக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டாள். ஒன்பதாம் தேதி இரண்டு. பதின்மூன்றாம் தேதி மூன்று. பதினேழாம் தேதி ஏழு.

எட்டு மாடி ஏறி முடிக்கையில் மருமகன் தன் வாழ்க்கையைப் பற்றிச் சில முடிவுகளுக்கு வந்திருந்தான். லிஃப்ட் ஏழாவது மாடிவரைதான் போகும் என்பது ஒரு பக்கம். இன்று அதுவும் ஓடவில்லை என்பது இன்னொரு பக்கம்.

மொட்டை மாடிக் கதவருகே காவலாளி எழுந்து நின்றார். எழுந்து முடிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆறடி நான்கு அங்குலம். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஏணி. அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வெயிலில் ஏறி வந்தவர்களை நிழலில் உட்கார வைத்து, சுவரோரம் இருந்த தன் சின்ன பீரோவைச் சாவி போட்டுத் திறந்து இரண்டு டம்ளர் எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். விசாரணை வேலையில் தண்ணீர் கொடுக்கிறவர்கள் அபூர்வம் என்பதால் மருமகன் இரண்டு டம்ளரையும் தானே குடித்தான்.

இயந்திரம் மாடியின் விளிம்பில் ஒரு கம்பத்தின் மேல் இருந்தது. சோற்றுப் பானை அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் யார்டைப் பார்த்து ஒரு வட்ட லென்ஸ், அதற்குக் கீழே பச்சை விளக்கு. கம்பத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க மட்டுமே இடம். அந்தப் பக்கத்தில்தான் சங்கிலியில் ரிஜிஸ்டர் தொங்கியது.

அத்தை அந்த இடுக்கில் நுழைந்து ரிஜிஸ்டரைப் புரட்டினாள். லென்ஸ் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. இரட்டைப்படைத் தேதிகளில் ஒரே சொல், கோணலாக: "சரி". ஒற்றைப்படைத் தேதிகளில் அச்சுக் கோத்தது போன்ற எழுத்து.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா," என்றார் ஏணி. வெட்கத்தோடு சேர்ந்து ஒரு பெருமையும் முகத்தில் வந்தது. "சின்ன வயசுல எழுத்துப் போட்டியில பரிசு வாங்கினேன். அதுக்கப்புறம் எழுதற வேலை எதுவும் கிடைக்கல. இப்பத்தான் இந்த ரிஜிஸ்டர் வந்துச்சு. மேனேஜர் தினமும் படிச்சுக் கையெழுத்து போடறாரேன்னு நானும் கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்."

மருமகன் எட்டிப் பார்த்து, பதினேழாம் தேதியை உரக்கப் படித்தான்.

"'இன்று வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிவாக உள்ளது. இயந்திரம் எவ்விதக் குறைபாடுமின்றிச் செவ்வனே இயங்குகிறது. பச்சை விளக்கு எரிகிறது. பிற்பகல் 3.10 மணியளவில் இரண்டு புறாக்கள் இயந்திரத்தின் மீது அமர முயன்றன. அவை பணிவுடன் விரட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று மீண்டும் வந்தது. அதற்கு மீண்டும் எடுத்துரைக்கப்பட்டது. தற்போது அமைதி நிலவுகிறது.' அத்தை, இவர் நம்ம ரிப்போர்ட்டை எழுதினா கேஸ் ஜெயிக்குதோ இல்லையோ, படிக்கவாவது நல்லா இருக்கும்."

அத்தை துண்டுக் காகிதத்தை ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் தேதி இரண்டு வரி. பதின்மூன்றாம் தேதி மூன்று வரி. அவள் கண் பக்கத்தை விட்டு மெல்ல மேலே லென்ஸுக்குப் போனது, அங்கிருந்து ஏணியின் நெற்றிக்குப் போனது.

"மருமகனே, கீழ போய் மேனேஜரைக் கூட்டிட்டு வா. அந்தப் பொண்ணையும். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நாலு மணியில இருந்து கால் மணி நேரம் முக்கியமா எதுவும் வெச்சுக்க வேண்டாம்னு சொல்லிடு."

"எட்டு மாடி இறங்கி மறுபடி எட்டு மாடியா? அத்தை, நான் உங்க சொந்த அண்ணன் பையன்."

"அதான் சம்பளத்தைப் பத்தி நீ பேசறதில்ல. போ."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு எல்லோரும் மாடியில் இருந்தார்கள். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் போனில் கிராஃபைத் திறந்து வைத்திருந்தாள். கோடு நிமிர்ந்து நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டியா?"

"சொன்னேன். அந்தக் குழந்தை ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்க நாலு மணிக்கு எதுவுமே வெச்சுக்கறதில்லையாம். டீ டைமை மாத்திட்டாங்களாம்."

நான்கு மணிக்கு ஏணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தார். பச்சை விளக்கைக் குனிந்து பார்த்தார், திருப்தியோடு நிமிர்ந்தார், ரிஜிஸ்டரைப் பிரித்தார்.

"விழுந்துடுச்சு," என்றாள் டெக்னீஷியன். "நான் எதையும் தொடலம்மா."

மேனேஜர் கிட்டத்தட்டத் துள்ளினார். "பாத்தீங்களா மேடம்? அவ இங்க நிக்கும்போதே அறுக்கறா. அந்தப் போன்லதான் ஏதோ ரிமோட் வெச்சிருக்கா. கையும் களவுமா மாட்டினா."

"ஐயா," என்று அத்தை ஏணியைக் கூப்பிட்டாள். "அப்படியே கொஞ்சம் குனியுங்க."

ஏணி குனிந்தார்.

"வந்துடுச்சு," என்றாள் டெக்னீஷியன்.

"நிமிருங்க."

"போயிடுச்சு."

"குனியுங்க."

"வந்துடுச்சும்மா."

"ஸ்கூல்ல இதைத்தான் எனக்கு தண்டனையா குடுத்தாங்க," என்றான் மருமகன். யாரும் சிரிக்கவில்லை.

ஏணி குனிந்தபடியே இருந்தார். அந்த நிலையிலேயே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். முதலில் லென்ஸை. பிறகு அந்தப் பெண்ணை.

"என் தலையா?" என்றார்.

"உங்க தலைதான். நேரா லென்ஸுக்கு முன்னாடி," என்றாள் அத்தை. "ரெண்டு வரி எழுதினா ரெண்டு நிமிஷம். மூணு வரின்னா மூணு. பதினேழாம் தேதி புறா வந்ததால ஏழு. இயந்திரம் சரியா ஓடுதுன்னு நீங்க எழுதற நேரம் மட்டும்தான் அது ஓடல. கீழ எரியற பச்சை விளக்கு கரண்ட் வருதான்னு மட்டும் சொல்லும். வெளிச்சம் போகுதான்னு அதுக்குத் தெரியாது. உயரம் குறைஞ்சவர் எழுதற நாள்ல வெளிச்சம் அவர் தலைக்கு மேல போயிடுது. இந்தப் பொண்ணு வழி மறிக்கணும்னா ஸ்டூல் போட்டு ஏறணும்."

ஏணி இடுக்கிலிருந்து வெளியே வந்தார். உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். "அந்தக் குழந்தை," என்று ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது. "நான் புறாவைப் பத்தி எழுதிக்கிட்டிருந்தேன்மா."

டெக்னீஷியன் அவர் பக்கத்தில் போய் நின்றாள். இவ்வளவு நாளும் தன்னைத் திருடி போல நிற்க வைத்த காரணம் எதிரிலேயே இருந்தும், அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

மேனேஜருக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. அவர் சீக்கிரமே சமாளித்துக்கொண்டார். அதிகாரிகளுக்கு இந்தத் திறமை தனியாக வாய்க்கிறது.

"நல்லதாப் போச்சு. குத்தவாளி கிடைச்சாச்சு. அந்த ரிப்போர்ட்ல பேரை மட்டும் மாத்திடலாம். டெக்னீஷியனுக்குப் பதிலா காவலாளி. அஞ்சு மணிக்குள்ள டைப் பண்ணிடலாம் மேடம்."

"பண்ணலாம்," என்றாள் அத்தை. "ஒரே ஒரு சந்தேகம். இவர் வழியை மறிச்சதும் வெளிச்சம் அறுந்துச்சு. சரி. கண்ணிமைக்கிற நேரத்துல ரேடியோ எடுத்துக்கும்னீங்களே. இப்ப நாலு தடவை கண்ணிமைச்சோம். அது ஏன் எடுத்துக்கல?"

"அதான் சொன்னேனே. அவ கெடுத்து வெச்சிருக்கா."

"அந்தப் பெட்டியைப் பார்க்கலாமா?"

"சாவி ரேடியோ பிரிவுல இருக்கு."

"ரேடியோ பிரிவு எங்க இருக்கு?"

மேனேஜர் மறுபடி கழுத்தைத் துடைத்தார். "இனிமேதான் ஆரம்பிக்கணும்."

அத்தை சுவரோரமாக நடந்தாள். அங்கே கம்பத்திலிருந்து வந்த ஒரு கறுப்பு ஒயர் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுக்குள் போயிற்று. பெட்டிக்கு மேலே வெள்ளைத் தட்டு ஆண்டெனா ஒன்று யார்டைப் பார்த்து நின்றது. பெட்டியின் நெற்றியில் வெயிலில் வெளுத்த ஒரு சீட்டு: காப்பு.

"ஐயா, உங்க பீரோவைக் கொஞ்சம் திறங்க," என்றாள்.

மருமகன் தன் கையில் இன்னும் இருந்த டம்ளரைப் பார்த்தான். பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தான். துப்பறியும் தொழிலில் ஆறு வருடம் இருந்தும், ஆதாரத்திலேயே தண்ணீர் குடித்தது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"அது என்னோடதுங்க," என்றார் ஏணி குழப்பத்தோடு. "வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சாவி பூட்டுலயே தொங்கிச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. காவலாளிக்குன்னு குடுத்திருக்காங்கன்னு நினைச்சேன். தப்பா?"

அவர் இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, மடித்து வைத்த செய்தித்தாள் ஒன்று. கறுப்பு ஒயரின் முனை எதிலும் செருகப்படாமல், ஈரத் துண்டு ஒன்று காய்வதற்கு வசதியாக வளைந்து தொங்கியது.

யார்டில் ஒரு சரக்கு ரயில் நிதானமாகப் போயிற்று. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு," என்றார் கடைசியில். "ரேடியோ அடுத்த வாரம் வரும்னாங்க. டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம ரிப்பன் வெட்ட முடியாது. அதனால... ஒரு வாரம்தானேன்னு..."

"எந்த வருஷத்து அடுத்த வாரம் சார்?" என்றான் மருமகன்.

"ரேடியோ இருந்திருந்தா," என்றாள் டெக்னீஷியன். இப்போது அவள் குரல் தாழ்ந்திருக்கவில்லை. "இவர் ஏழு நிமிஷம் இல்ல, ஏழு மணி நேரம் நின்னு எழுதியிருந்தாலும் ஆஸ்பத்திரியில படம் கொஞ்சம் மங்கியிருக்கும். அவ்வளவுதான். இதைத்தான் சார் நான் மூணு தடவை கேட்டேன். ஏன் எடுத்துக்கலன்னு. நீங்க என்னையே எடுத்துடப் பாத்தீங்க."

"மேடம், இதை நம்ம அளவுல பேசி முடிச்சுக்கலாம். ஒரே வாரத்துல ரேடியோ வந்துடும். ரிஜிஸ்டரையும் எடுத்துடலாம்."

"ரிஜிஸ்டரை ஏன் எடுக்கணும்? நல்ல முறை. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள் அத்தை. "இடம் மட்டும்தான் தப்பு."

டெக்னீஷியன் இடுப்புப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். மூன்று திருகில் சங்கிலி கழன்றது. ஏணியை உட்கார வைத்து, ரிஜிஸ்டரை அவர் மடியில் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக ஏணி உட்கார்ந்துகொண்டு பேனாவைத் திறந்தார்.

"என்னம்மா எழுதணும்?" என்றார்.

"பார்த்ததை எழுதுங்க. வழக்கம்போல விளக்கமாவே."

அவர் எழுதினார். நிமிடங்கள் போயின. போனில் கோடு அசையாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுதி முடித்ததும் ஏணி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"'மாலை 4.25. இயந்திரத்தின் ஒளி இதுநாள்வரை என் தலையால் தடைப்பட்டு வந்தது என்பதை மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். இனி அமர்ந்தே எழுதப்படும். காப்பு ரேடியோப் பெட்டி மேனேஜர் முன்னிலையில் திறக்கப்பட்டது. உள்ளே ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, ஒரு செய்தித்தாள், ஒரு துண்டு இருந்தன. அவை என்னுடையவை. ரேடியோ இல்லை. எப்போதும் இருந்ததில்லை. டெக்னீஷியன் மீது குற்றம் ஏதும் காணப்படவில்லை. புறாக்கள் வரவில்லை.'"

கடைசி வரியில் டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தை தன் பையில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்து, கையெழுத்துக்கான இடத்தை அப்படியே விட்டுவிட்டு, நாலாக மடித்து மேனேஜரின் சட்டைப் பையில் செருகினாள். பிறகு மருமகனிடம் கையை நீட்டினாள். அவன் காதில் செருகியிருந்த பென்சிலைக் கொடுத்தான். ரிஜிஸ்டரில், "மேனேஜர்" என்ற கட்டத்தில், ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டாள்.

"இங்க ஒண்ணு போட்டா போதும் சார். மத்ததெல்லாம் எழுதியாச்சு. தினமும் நீங்க கையெழுத்துப் போடணுங்கறது உங்க ரூல்தானே. அஞ்சு மணி மீட்டிங்குக்கு இந்தப் பக்கத்தை நானே எடுத்துட்டுப் போறேன்."

மேனேஜர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மூன்று வாரத்தில் அவர் படித்த முதல் பக்கம் அதுதான். அனிச்சையாகச் சட்டைப் பையைத் தடவினார். பேனாவை ஏசி அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஏணி எழுந்து, தன் பேனாவின் முனையைச் சட்டை ஓரத்தில் துடைத்து, மரியாதையாக இரண்டு கைகளாலும் நீட்டினார்.